கக்கூசுக்குக் கிட்ட ஒரு நல்ல இடம்

தனக்கு இடம் பார்க்கத் தெரியும் என்று நம்புகிற மனிதனை, அவனுடைய சொந்தக்காரர்கள் ஆரம்பத்திலேயே அடக்கி வைக்க வேண்டும். என்னுடைய சொந்தக்காரர்கள் அதைச் செய்யவில்லை. மொன்றியலில் எங்கள் ஆட்கள் வீட்டில் கலியாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று எது வந்தாலும் மண்டபம் பார்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். (கூட்டிக்கொண்டு போகாதவர்களுடனும் நான் போயிருக்கிறேன்.) நாற்பத்து நான்கு வயது வரை அந்தப் புகழில் குளிர்காய்ந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் பதினொன்றே காலுக்கு எல்லாம் முடிந்தது.

மண்டபம் பார்ப்பதில் என்னுடைய சாத்திரம் எளிமையானது. இடம் வாசலுக்குக் கிட்ட இருக்க வேண்டும், கார் விட விசாலமான நிலம் வேண்டும், நல்ல வெளிச்சம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகக் கக்கூஸ் கிட்ட இருக்க வேண்டும். எங்கள் சபையில் பாதிப்பேருக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. மீதிப் பாதி, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற தாய்மார். சாப்பாடு பிழைத்தால் ஒரு மாதத்தில் மறந்துவிடுவார்கள், கக்கூஸ் தூரமாக இருந்த கலியாணத்தைப் பேரப்பிள்ளைகளுக்கும் சொல்லுவார்கள். இதை நான் கண்டுபிடித்தவன் மாதிரி எல்லோருக்கும் விளக்கியிருக்கிறேன்.

இந்த ஞானத்தோடுதான் ஏரிக்கரையில் காம்பிங் இடம் பார்க்கக் கிளம்பினேன். அதற்கு முன் நான் காம்பிங் போனதே இல்லை. ஆனால் அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை. கலியாணம் கட்டுவதற்கு முன்பே எத்தனை கலியாணத்துக்கு மண்டபம் பார்த்தவன் நான்!

விஷயம் என்னவென்றால், என் மனைவி வசந்தியின் தங்கை ஜெனனிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். மாமாவும் மாமியும் ஊரில் இருப்பதால் பொறுப்பு எங்கள் தலையில். ஜெனனிக்கு முப்பத்தொரு வயது, பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை. அதற்கு முன் மூன்று இடங்களில் பெண் பார்க்கும் படலம் நடந்து, மூன்றும் சரிவரவில்லை. கடைசியாக வந்த ஓர் அம்மா அவளை எழுந்து நடந்து காட்டச் சொன்னார். ஜெனனி எழுந்து நடந்தாள். நடந்து போய்க் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதனால் நாலாவது இடம் வந்தபோது அவள் தெளிவாகச் சொன்னாள்.

"அத்தான், இனி ஒரு வீட்டிலையும் தட்டும் கையுமா நிக்க மாட்டன். வெளியிலை, காத்தோட்டமான இடமா இருந்தால் வாறன். இதுதான் கடைசி. இது பிழைச்சால் பேந்து ஒருத்தரும் என்னோடை கலியாணக் கதை கதைக்கப்படாது."

மாப்பிள்ளை பிரதீபன், புறநகர் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் தாய் தகப்பனோடு இருப்பவர். அவரும் வெளியில் சந்திப்பதையே விரும்பினார். கோடை காலம். நாங்கள் சில்லுப் பூட்டிய வீடு மாதிரி ஒரு மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சனிக்கிழமையே வடக்கே ஏரிப்பக்கம் போய்த் தங்குவது, அவர்கள் ஞாயிற்றுக்கிழமை பகல் வந்து எங்களோடு சாப்பிடுவது என்று ஏற்பாடு. ஐயரிடம் நேரம் கேட்டோம். பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை குரு ஓரை, அதற்குள் பிள்ளைகள் முகம் பார்த்துக் கதைக்கட்டும் என்றார்.

"இடம் பார்க்கிறது என்ரை வேலை" என்றேன்.

வசந்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இதிலை மட்டும் உங்கடை கெட்டித்தனத்தைக் காட்டாதேங்கோ. அவள் கடைசி எண்டால் கடைசிதான்."

எனக்கு அது ஊக்கம் தருகிற வார்த்தையாகவே கேட்டது.

லொங்குய்யில் என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒரு கியூபெக்காரர். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து காம்பிங் போகிறவர். அவரிடம் விசாரித்தேன். மரநிழல் பார், ஏரிக்குக் கிட்டப் பார், காற்று எந்தப் பக்கமிருந்து வீசும் என்று கேள், கழிப்பறையிலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது என்றார். நான் மரியாதையாகத் தலையாட்டி, கடைசி இரண்டையும் அடித்துவிட்டு மிச்சத்தைக் குறித்துக்கொண்டேன். பாவம், அவருக்குச் சபை கூட்டிப் பழக்கமில்லை.

ஐந்தாறு காம்பிங் இடங்களின் வரைபடங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு கிழமை ஆராய்ந்தேன். எல்லாம் நிறைந்துவிட்டன. ஏரிக்கரை இல்லை, மரநிழல் இல்லை, காட்டுக்குள்ளே கரடி மட்டும் போகிற மூலைகூட இல்லை. அப்போதுதான் ஓர் இடத்தில் மூன்றாம் இலக்கம் காலியாக இருப்பதைக் கண்டேன். (இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன், பிழை அவர்களுடையது அல்ல.) வாசலில் இருந்து இரண்டு எட்டு. மட்டமான நிலம், மின்விளக்கு. கழிப்பறைக் கட்டடம் கூப்பிடு தூரத்தில். இடத்தை ஒட்டி, வளைந்து திரும்புகிற ஓர் அகலமான தார் வீதி, பத்து வாகனம் தாராளமாக நிற்கும். நான் வாழ்நாள் முழுவதும் தேடிய மண்டபம், கூரை மட்டும்தான் இல்லை.

கோடை நடுவில், வார இறுதியில், இப்படி ஓர் இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று புத்தியுள்ளவன் யோசித்திருப்பான். நானும் யோசித்தேன். இந்த வெள்ளைக்காரச் சனத்துக்கு இடம் பார்க்கத் தெரியாது என்ற முடிவுக்கு வந்தேன்.

தொலைபேசியில் ஒரு பெண் பிரெஞ்சில் பேசினார். மூன்றாம் இலக்கம் வேண்டும் என்றேன். அவர் குரல் இரக்கத்தோடு தணிந்தது.

"நிச்சயமா, மிஸ்யூ?" என்று கேட்டார்.

நிச்சயம் என்றேன். அவர் ஏதோ விளக்கத் தொடங்கினார். தங்கள் ஆட்கள் யாருக்கோ பிடித்து வைத்திருக்கிறார்கள், அதுதான் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. விடுவேனா? விளக்கம் வேண்டாம், மூன்றுதான் வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிப் பதிந்துகொண்டேன். வைத்த பிறகு வசந்தியிடம், "பார்த்தீரோ, விட்டுக்குடுத்திருந்தால் போயிருக்கும்" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். என்ன அழகு! தூரத்தில் ஏரி மின்னியது. காற்று எங்கள் முதுகுப் பக்கமிருந்து குளிர்ச்சியாக வீசியது. அகன்ற தார் வீதியில் ஒரு வாகனமும் இல்லை. என் பதினொரு வயது மகள் மதுரா அதில் சைக்கிள் ஓடினாள். மற்றவர்கள் எல்லோரும் மூட்டை முடிச்சுகளோடு காட்டுக்குள் போய் ஒளிந்துகொள்வதைப் பார்த்து, கதிரையில் சாய்ந்தபடி பரிதாபப்பட்டேன்.

சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தவள் திரும்பி வந்தாள். "அப்பா, அங்கை நிலத்திலை ஒரு மூடி இருக்கு. பக்கத்திலை பெரிய போர்டிலை..."

"பேந்து சொல்லு, பிள்ளை."

அவள் ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் வந்தாள். அப்போது நான் கொடியில் வண்ணக் கடதாசி கட்டிக்கொண்டிருந்தேன். பேந்து, பிறகு பார்ப்போம் என்றேன். சாப்பிடும்போதும் தொடங்கினாள். சாப்பிடும்போது கதைக்கப்படாது என்றேன். இதைத்தான் பிள்ளை வளர்ப்பு என்று நினைத்திருந்தேன்.

ஞாயிறு காலை வசந்தி வடை சுட்டாள். மேசைக்குப் பட்டு விரிப்பு. வெள்ளித் தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூ. ஜெனனி தட்டைக் கண்டதும் முகத்தைச் சுளித்தாள், தட்டை அவள் தூக்கத் தேவையில்லை என்று வசந்தி சத்தியம் செய்த பிறகுதான் சமாதானமானாள். பத்து மணிபோல முதுகுப்பக்கத்துக் காற்று நின்றது. பத்தரைக்கு முதலாவது மோட்டர்ஹோம் எங்கள் இடத்துக்கு அருகே வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு மூன்றாவது.

அங்கே ஞாயிறு பதினொரு மணிக்கு எல்லோரும் இடத்தைக் காலி செய்ய வேண்டும். காலி செய்கிற ஒவ்வொரு மோட்டர்ஹோமும், வீட்டுக்குப் போகுமுன் இரண்டு நாளாகத் தன் வயிற்றுக்குள் சேர்த்து வைத்த கழிப்பறைக் கழிவை ஓரிடத்தில் திறந்து விட்டுப் போக வேண்டும். அந்த ஓரிடம், என் அகலமான தார் வீதியின் நடுவில் இருந்த மூடி. மூன்றாம் இலக்கத்திலிருந்து அது பதினைந்து எட்டு. (பிறகு நடந்து பார்த்தேன்.) ஐயர் சொன்ன குரு ஓரையும் காம்பிங்காரர் சொன்ன காலி செய்யும் நேரமும் ஒரே நிமிடத்தில் தொடங்கின. ஜாதகப் பொருத்தம்கூட இவ்வளவு திருத்தமாக அமைந்ததில்லை.

பத்தே முக்காலுக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். அந்தத் தார் வீதியை விசாலமான வாகனத் தரிப்பிடம் என்று நான் தொலைபேசியில் வர்ணித்திருந்ததால், காரை நேரே கொண்டுவந்து அந்த வரிசையிலேயே நிறுத்தினார்கள். பதினொன்று ஆகாமல் இறங்கக்கூடாது என்பதற்காகக் கண்ணாடிகளைப் பூட்டி, குளிரூட்டியைப் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். பின்னால் நின்ற மோட்டர்ஹோம்காரர் ஹோர்ன் அடித்தார். வரிசை நகர்ந்தபோது பிரதீபனும் காரை முன்னே நகர்த்தினார். நான் ஓடிப்போய்க் காரை ஓரமாக எடுக்கச் சொல்வதற்குள் அவர்கள் வரிசையில் இரண்டாவது ஆளாகிவிட்டார்கள். பிறகுதான் கார் ஓரமாகப் போனது.

பதினொன்று அடித்தது. கதவுகள் திறந்தன. முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தகப்பன் சிவராசா அண்ணை. முப்பது வருடம் டவுன்டவுனில் ஓர் உணவகத்தின் குசினியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பிறர் போட்ட தேத்தண்ணியை வாயில் வைக்கமாட்டார் என்று முன்பே கேள்விப்பட்டிருந்தோம். அவர் ஒரு கால் வெளியே வைத்து, காற்றை ஒருதரம் உள்ளே இழுத்து, அப்படியே நின்றார்.

"என்ன தம்பி, ஒரு மணம்?"

உண்மையைச் சொல்ல அதுதான் சரியான சந்தர்ப்பம். உண்மை எனக்கும் அப்போதுதான், அதாவது ஐந்து நிமிடத்துக்கு முன்புதான், ஒரு தடித்த குழாயின் வடிவில் தெரிந்திருந்தது. ஜெனனி பச்சைச் சல்வாரில் மேசையருகே நின்றாள். அவளுடைய 'கடைசி' என்ற சொல் என் காதுக்குள் அடித்தது. நிஜமாகவே பயந்துவிட்டேன். பயந்த வாய் தானாகத் திறந்தது.

"பக்கத்திலை மாட்டுப் பண்ணை, அண்ணை. சாணி மணம்."

"நான் மாடு வளர்த்த வீட்டிலை பிறந்தனான், தம்பி" என்றார் சிவராசா அண்ணை. பிறகு போய்க் கதிரையில் இருந்தார். அவர் மனைவி சீலைத் தலைப்பால் மூக்கை மெல்லத் துடைத்தார், பிறகு தலைப்பை அங்கேயே வைத்துக்கொண்டார். பிரதீபனும் ஜெனனியும் எதிரெதிரே இருத்தப்பட்டார்கள். குரு ஓரை ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை, திறந்தால் மூச்செடுக்க வேண்டிவரும். வடைத் தட்டு ஒரு சுற்றுப் போய் அப்படியே திரும்பி வந்தது.

"அதென்ன வரிசை?" என்றார் சிவராசா அண்ணை.

ஒரு பொய்யோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இரண்டாவது, முதலாவதைவிடச் சுலபமாக வந்தது.

"இங்கை நல்ல ஊத்துத் தண்ணி, அண்ணை. வீட்டுக்குப் போகேக்கை எல்லாரும் பிடிச்சுக்கொண்டு போறவை."

வசந்தி என்னைப் பார்த்த பார்வையில் வடை கருகியிருக்கும். சிவராசா அண்ணையின் முகமோ முதன்முறையாக மலர்ந்தது. அவர் மோட்டர்ஹோமுக்குள் போனார். குழாயைத் திறந்து, உள்ளங்கையில் தண்ணீர் ஏந்தி ருசி பார்த்தார்.

"இது பிளாஸ்ரிக் மணக்குது. இதிலை தேத்தண்ணி போடேலாது. தங்கச்சி, கேத்திலை எடும். நான் போய் அந்த ஊத்துத் தண்ணியைப் பிடிச்சுக்கொண்டு வாறன்."

"அண்ணை, நீங்கள் இருங்கோ, நான்..."

"நீர் இரும். தண்ணி பார்க்க எனக்குத்தான் தெரியும்."

கேத்திலோடு அவர் நடந்தார். நான் கதிரையிலிருந்து எழும்பினேன், பட்டு விரிப்பின் நுனி என் இடுப்புப் பட்டியில் சிக்கியது, வெற்றிலையும் பாக்கும் புல்லில் கொட்டின. நான் அதைக் கழற்றிக்கொண்டு ஓடும்போது அவர் வரிசையைத் தாண்டி, முன்னால் போய், மூடிக்குப் பக்கத்திலிருந்த குழாயை எட்டிவிட்டார். அந்தக் குழாய், வேலை முடிந்த பிறகு நிலத்தைக் கழுவிவிட வைத்தது. அங்கே முழங்கை வரை றப்பர்க் கையுறை போட்ட ஒரு பெரிய மனிதர், தொடை மொத்தக் குழாயொன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கேத்திலைக் கண்டதும் அவர் கண்கள் விரிந்தன.

"நோ! நோ, நோ, மிஸ்யூ!"

அவர் இன்னும் இரண்டு வசனம் பிரெஞ்சில் சொன்னார். முப்பது வருடக் குசினிப் பிரெஞ்சு, சிவராசா அண்ணைக்கு எல்லாம் விளங்கியது. அவர் குழாயைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். வரிசையில் நின்ற ஒன்பது வாகனங்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தார். கடைசியாக, மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்ற என்னைப் பார்த்தார். பிறகு வெறும் கேத்திலோடு திரும்பி நடந்தார். நான் பின்னால் போனேன்.

கேத்திலை மேசையில் வைத்துவிட்டுத்தான் வாய் திறந்தார்.

"தம்பி, எங்களை எங்கை கொண்டுவந்து இருத்தியிருக்கிறீர்?"

"இல்லை, அண்ணை... எல்லாருக்கும் வசதியா, கக்கூசுக்குக் கிட்ட இருக்கட்டுமெண்டு..."

"கிட்டவோ? இது கக்கூசுக்குக் கிட்ட இல்லைத் தம்பி. இதுதான் கக்கூஸ்."

மதுரா, பிரெஞ்சையும் தமிழையும் குழைத்து, சபைக்குப் பொதுவாக அறிவித்தாள். "போர்டிலை பெரிசா எழுதியிருக்கு. நேற்று மூண்டு தரம் சொல்ல வந்தனான். அப்பா பேந்து, பேந்து எண்டவர்."

வசந்தியைப் பார்க்கத் துணிவில்லாமல் பார்த்தேன். அவள் கோபமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். கண் கலங்கி, தங்கையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நிமிடம் எனக்கு வந்த வெட்கத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது. ஒரு பெண்ணின் கடைசிச் சந்தர்ப்பத்தைக் கொண்டுவந்து ஒரு மூடியின் பக்கத்தில் வைத்துவிட்டேனே என்றிருந்தது.

அப்போது ஜெனனியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாள் என்று நினைத்தேன். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். கையை எடுத்தபோது கண்ணில் தண்ணீர் வழிய, மூச்சுவிட முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான்... காத்தோட்டமான இடம் எண்டுதான் கேட்டனான்!"

பிரதீபன் அதுவரை சிரிப்பை அடக்கி அடக்கி முகம் சிவந்திருந்தார். அதற்குமேல் அவரால் முடியவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். முகம் பார்த்துக் கதைக்கட்டும் என்று ஐயர் சொன்னதில் முதல் பாதி நிறைவேறியது. பிறகு பிரதீபன் எழும்பி, "ஏரிப்பக்கம் போவமா? அங்கை மூச்சு விடலாம்" என்றார். அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். ஒருவரும் தடுக்கவில்லை. தடுக்கிற நிலையில் ஒருவரும் இல்லை.

மிச்சப்பேர் சபையை இடம் பெயர்த்தோம். முன்னால் வெள்ளித் தட்டோடு மாப்பிள்ளையின் தாயார், பின்னால் வடைச் சட்டியோடு வசந்தி, அதற்குப் பின்னால் கேத்திலோடு சிவராசா அண்ணை, கடைசியில் நாலு கதிரையைத் தலையில் சுமந்தபடி நான். காம்பிங்காரர் எல்லோரும் வழியில் நின்று பார்த்தார்கள். சுவாமி வீதியுலா வருகிறது என்று நினைத்தார்களோ என்னவோ, ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

ஏரிக்கரையில் பிள்ளைகள் இருவரும் தண்ணீருக்குள் காலை விட்டுக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தார்கள். எங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. சிவராசா அண்ணை காம்பிங்காரரின் அலுவலகத்தில் போய் விசாரித்து, குழாயை மணந்து, ருசி பார்த்து, தண்ணீர் பிடித்து வந்து தேத்தண்ணி போட்டார். நல்ல தேத்தண்ணி. அவர் ஒரு கோப்பை குடித்து முடித்துவிட்டு, என்னைத் தாண்டி வசந்தியிடம் கதைத்தார்.

"தங்கச்சி, சிரிக்கத் தெரிஞ்ச பிள்ளை. எங்களுக்குச் சம்மதம், அவையளுக்கும் சம்மதம் எண்டால் மேற்கொண்டு கதைப்பம். ஒரேயொரு கண்டிசன். கலியாண மண்டபம் இவர் பார்க்கக்கூடாது."

பிள்ளைகள் இருவருக்கும் சம்மதமாகத்தான் இருந்தது. மண்டபத்தைச் சிவராசா அண்ணையே பார்த்தார். கக்கூஸ் மிகவும் தூரம். (நான் ஒன்றும் சொல்லவில்லை. முகத்தில் காட்டியிருக்கலாம்.) ஆட்கள் எங்கெங்கே இருப்பது என்ற பட்டியலைப் போட்டது மணப்பெண். எங்கள் குடும்பத்துக்கு மூன்றாம் இலக்க மேசை. நாற்பது மேசை போட்ட அந்தப் பெரிய மண்டபத்தில், கக்கூஸ் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது அந்த ஒரு மேசைதான். அன்று வந்த நானூறு பேரும் ஒருமுறையாவது என்னைக் கடந்து போனார்கள், ஒவ்வொருவரும் நின்று ஊற்றுத் தண்ணீர் எப்படி என்று கேட்டுவிட்டே போனார்கள்.

இப்போது நாங்கள் எந்த உணவகத்துக்குப் போனாலும் மதுராதான் முன்னே போய்ப் பரிசாரகரிடம் பிரெஞ்சில் கதைப்பாள். போன மாதம் ஜெனனி, பிரதீபன், அவர்களுடைய சின்னவள் எல்லோருமாகப் போயிருந்தோம். சன்னலோரம் அழகான மேசை காலியாக இருந்தது. மதுரா தலையசைத்து மறுத்து, கழிப்பறைக் கதவை ஒட்டியிருந்த மேசையைக் காட்டி, அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும் என்றாள்.

பரிசாரகர் என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்த இரக்கத்தை எனக்குத் தெரியும், முன்பொருமுறை தொலைபேசியில் கேட்டிருக்கிறேன்.

"நிச்சயமா, மிஸ்யூ?"

இந்த முறை நான் நிதானமாக யோசித்து, "இல்லை, நிச்சயமில்லை" என்றேன். அதற்குள் மற்ற எல்லோரும் அந்த மேசையில் இருந்துவிட்டார்கள். கதவுக்கு முதுகு காட்டிய கதிரை மட்டும் எனக்காக இழுத்து வைக்கப்பட்டிருந்தது.